கேமரா கைமாறியது, சுருள் என்ன ஆயிற்று?

தில்லி சாந்தினி சௌக்கின் கூச்சா சௌத்ரி, மும்பை கோட்டைப் பகுதியின் போரா பஜார், கொல்கத்தா சௌரங்கியில் மெட்ரோ திரையரங்கை ஒட்டிய சந்து ஆகியவை கேமரா வணிகத்துக்குப் பெயர்பெற்ற இடங்கள். படச்சுருள் கேமராவில் பழக விரும்பும் மாணவர்கள் அண்மைக் காலமாக இத்தகைய கடைத்தெருக்களைத் தேடிச் செல்கின்றனர். ஷட்டர் இயங்குகிறதா, லென்ஸில் கீறல் உண்டா, விலை குறையுமா என்பனவே அவர்கள் வழக்கமாகக் கேட்பவை. இவற்றுக்கு முன் கேட்க வேண்டிய கேள்வி வேறொன்று: இக்கருவிக்குரிய சுருள் இன்று எங்கே உற்பத்தியாகிறது, அதைக் கழுவித் தருபவர் யார்? சுதந்திர இந்தியாவின் இறக்குமதிக் கொள்கை, பொதுத்துறைக் கனவு, அதன் வீழ்ச்சி ஆகிய மூன்றும் இந்தக் கேள்விக்குள் அடங்கியிருக்கின்றன.

ஒளிப்பட வணிகம் தொடக்கம் முதலே கருவியைவிடச் சுருளை நம்பி வளர்ந்தது. 1888இல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் வெளியிட்ட கோடாக் கேமரா, நூறு படங்களுக்குரிய சுருளுடன் விற்கப்பட்டது. படங்கள் தீர்ந்ததும் கருவியையே ராச்செஸ்டர் ஆலைக்கு அனுப்ப வேண்டும். ஆலை படங்களைப் பதித்து, புதிய சுருளை ஏற்றித் திருப்பி அனுப்பும். 1900இல் வந்த பிரவுனியின் விலை ஒரு டாலர் மட்டுமே. கருவியை மலிவாகக் கொடுத்துச் சுருளில் ஈட்டும் முறை அப்போது வேரூன்றியது. நிறுவனங்கள் தத்தம் கேமராக்களுக்கெனத் தனித்தனிச் சுருள் அளவுகளை வகுத்தன. 1901இல் அறிமுகமான 120 வகையும், 1934இல் கோடாக் ரெட்டினாவுடன் வந்த 135 வகையும் (வழக்கில் 35 மி.மீ.) இன்றும் உற்பத்தியில் உள்ளன. 1930களின் தொடக்கத்தில் வந்த 620 வகைச் சுருளின் அகலம் 120க்குரியதே. சுற்றியிருக்கும் உருளை மட்டுமே வேறு. அதன் உற்பத்தி 1990களில் நின்றது. எனவே பழுதற்ற கருவியாயினும் 620 வகையைச் சேர்ந்ததென்றால், 120 சுருளை இருட்டில் வேறு உருளைக்கு மாற்றிச் சுற்றும் வேலை புதியவருக்குக் காத்திருக்கும்.

இந்தியச் சந்தையில் எந்தக் கேமராக்கள் மிகுதியாகக் கிடைக்கின்றன என்பதும் தற்செயலன்று. 1947ஆம் ஆண்டின் இறக்குமதி, ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டமும், 1950களின் பிற்பகுதியில் எழுந்த அந்நியச் செலாவணி நெருக்கடியும் ஜெர்மானிய, ஜப்பானியக் கருவிகளைப் பெரும்பான்மையோருக்கு எட்டாதவையாக்கின. வெளிநாடு சென்று திரும்பும் உறவினரோ, பழைய கருவியை விற்கும் ஸ்டூடியோக்காரரோதான் பலருக்கு வழி. கைமாறிய கேமரா அன்று ஏக்கத்தின் சின்னமாக இருக்கவில்லை. ஒளிப்படக் கலைக்குள் நுழையும் இயல்பான வாயிலாக இருந்தது.

இந்த வேலிக்கு உள்ளே இரண்டு வகைக் கருவிகள் பரவின. ஒன்று, வதோதராவில் நியூ இந்தியா இண்டஸ்ட்ரீஸ் தயாரித்த ஆக்ஃபா கிளிக் 3. 120 சுருளில் பன்னிரண்டு சதுரப் படங்கள் எடுக்கும் எளிய பெட்டி அது. ஷட்டர் வேகம் ஒன்றே. வெயிலுக்கும் மேகமூட்டத்துக்கும் துளையளவை மாற்றலாம். இந்தியக் குடும்பத் தொகுப்பேடுகளில் உள்ள சதுர வடிவக் கறுப்பு வெள்ளைப் படங்களில் கணிசமானவை இத்தகைய பெட்டிகளில் பிறந்தவை. மற்றொன்று, சோவியத் நாட்டு ஜெனிட். 135 சுருளை ஏற்கும் இக்கருவிகளில் ஜெனிட்-ஈ மாதிரி மின்கலமே வேண்டாதது. அதன் செலினியம் ஒளிமானி வெளிச்சத்திலிருந்தே மின்சாரம் பெறும். சோவியத் ஒன்றியத்துடனும் கிழக்கு ஐரோப்பிய நாடுகளுடனும் ரூபாயிலேயே கணக்குத் தீர்க்கும் வணிக ஏற்பாடு அக்காலத்தில் இருந்தது. கிழக்கு ஜெர்மனியின் வோல்ஃபென் ஆலையில் உருவான ஓர்வோ சுருள் இந்தியத் திரைத்துறையிலும் ஸ்டூடியோக்களிலும் புழங்கியதன் பின்னணியும் இதுவே.

எனினும் கருவியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். சுருளை ஒருமுறைதான் பயன்படுத்த முடியும். திரைப்படத்துக்கும், மருத்துவமனையின் எக்ஸ்ரே அறைக்கும், செய்தித்தாளுக்கும், ஸ்டூடியோவுக்கும் தேவைப்பட்ட சுருளுக்காக அந்நியச் செலாவணி ஓயாமல் வெளியேறியது. இதற்கு விடையாக 1960இல் நிறுவப்பட்ட பொதுத்துறை நிறுவனமே உதகமண்டலத்தின் இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ். பிரெஞ்சு நிறுவனமான போஷேயின் தொழில்நுட்ப ஒத்துழைப்புடன் 1967இல் உற்பத்தி தொடங்கியது. வெள்ளி உப்புகளை ஜெலட்டினில் கலந்து, மெல்லிய தாளின் மீது சீரான கனத்தில், இருளில் பூசுவது இத்தொழிலின் சாரம். ஒரு துகள் தூசி படத்தில் புள்ளியாகும். வெப்பமும் ஈரமும் பூச்சைக் கெடுக்கும். நீலகிரியின் குளிர்ந்த, தூசி குறைந்த காற்று இத்தகைய பணிக்கு ஏற்றது. நிலவைக் குறிக்கும் ‘இந்து’ என்ற சொல் ஆலைப் பொருள்களின் வணிகப் பெயராயிற்று. ஆலையைச் சூழ்ந்த குடியிருப்பும் இந்து நகர் எனப்பட்டது.

ஆலையின் வலிமை கறுப்பு வெள்ளைச் சுருள், எக்ஸ்ரே சுருள், ஒளிப்படத் தாள் ஆகியவற்றில் இருந்தது. 1980கள் தொட்டு மக்கள் விருப்பம் வண்ணத்துக்கு மாறியது. 1972இல் கோடாக் வகுத்த சி-41 என்னும் வண்ணக் கழுவுமுறை உலகப் பொது முறையாகி, கோனிகா, கோடாக், ஃபியூஜி பெயர்ப்பலகைகளைத் தாங்கிய வண்ண ஆய்வகங்கள் சிறு நகரங்களையும் எட்டின. 1991க்குப் பின் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்து சுங்கவரியும் குறைந்தது. பாலியெஸ்டர் எக்ஸ்ரே சுருளுக்கென மேற்கொண்ட புதிய முதலீடு கடன் சுமையாயிற்று. 1990களின் நடுவில் ஆலை நலிவுற்ற நிறுவனமாக அறிவிக்கப்பட்டது; 2010களில் எஞ்சிய ஊழியர்களுக்கு விருப்ப ஓய்வு அளித்து மூடும் நிலைக்கு வந்தது.

இங்கே ஆண்டுகளின் வரிசையைக் கவனிக்க வேண்டும். டிஜிட்டல் கேமரா படச்சுருளைக் கொன்றது என்பது பொதுவாகச் சொல்லப்படும் காரணம். உதகை ஆலை நலிவுற்றதாக அறிவிக்கப்பட்டபோது இந்தியாவின் சாதாரண வீடுகளில் டிஜிட்டல் கேமரா இல்லை. சுருள் விற்பனை செழித்திருந்தது. விற்றது இறக்குமதிச் சுருள். ஆகவே உள்நாட்டுச் சுருளின் வீழ்ச்சியைத் தொழில்நுட்ப மாற்றத்தின் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது. கொள்கை மாற்றமும், வண்ணத்தை உரிய காலத்தில் கைக்கொள்ளாமையும், கடனும் அதற்கு முன்பே தம் வேலையைச் செய்திருந்தன.

மக்கள் வழக்கு இத்தொழிலின் மற்றொரு பாதியைப் பாதுகாத்து வைத்திருக்கிறது. சுருளைத் தமிழர் ‘கழுவக் கொடுத்தனர்’. இந்தி வழக்கிலும் ரீல் ‘துலாய்’க்கே சென்றது. ஆங்கிலச் சொல் உருவம் வளர்ந்து வெளிப்படுவதைச் சுட்ட, இவ்விரு மொழிகளும் தொட்டியையும் நீரையும் நனைந்த கையையும் சுட்டின. வாடிக்கையாளர் இருட்டறைக்குள் நுழையாதபோதும், அங்கே உடலுழைப்பு நிகழ்கிறது என்பதை அவர்தம் சொல் அறிந்திருந்தது. ஆய்வகங்கள் மூடப்பட்டபின் இச்சொல்லின் இந்தப் பொருளும் பேச்சிலிருந்து விலகிவருகிறது. கழுவுபவர் இல்லாத சுருளின் கதியைக் கோடாக்ரோம் காட்டுகிறது. அதன் உற்பத்தி 2009இல் நின்றது. தனித்த வேதிமுறையில் அதைக் கழுவிவந்த கடைசி ஆய்வகமான அமெரிக்காவின் கான்சஸ் மாநில நிறுவனம் 2010 இறுதியில் அப்பணியை முடித்துக்கொண்டது. அதன்பின் எஞ்சிய சுருள்களிலிருந்து உரிய வண்ணப் படங்களைப் பெற வழியில்லை.

இவ்வரலாறு புதியவருக்கு நடைமுறைப் பாடங்களையும் தருகிறது. 135 அல்லது 120 சுருளை ஏற்கும் கருவியையே தேர்வது நலம். கழுவித் தரும் ஆய்வகத்தை உறுதிசெய்த பின்னரே கருவிக்குப் பணம் கொடுக்க வேண்டும். லென்ஸை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால், மழைக்கால ஈரத்தில் படர்ந்த பூஞ்சை சிலந்தி வலைபோல் தெரியும். பழைய செலினியம் ஒளிமானிகள் பல வலுவிழந்தவை. பாதரச மின்கலத்துக்கென வடிவமைத்த ஒளிமானிகள், இன்று கிடைக்கும் மின்கலத்தின் மின்னழுத்தம் வேறானதால் பிழையான அளவைக் காட்டக்கூடும். பழைய சோவியத் கருவிகளின் உணர்திறன் எண்கள் ‘கோஸ்ட்’ அளவையில் இருக்கும். அதில் 90 என்பது ஏறத்தாழ ஐஎஸ்ஓ 100. ஒளிமானியே இல்லையெனினும் முழு வெயிலில் எஃப் 16 துளையளவும், ஐஎஸ்ஓ 100 சுருளுக்கு நொடியில் 125இல் ஒரு பங்கு வேகமும் போதும். கிளிக் 3 போன்ற பெட்டியில் வேகத்தை மாற்ற முடியாததால் ஐஎஸ்ஓ 100 சுருளே பொருந்தும். முதற்சுருளின் ஒவ்வொரு படத்துக்கும் துளையளவு, வேகம், வெளிச்சம் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதிவைப்பது, கழுவிவந்த நெகட்டிவைப் பிழைதிருத்தும் ஆசிரியராக்கும். கறுப்பு வெள்ளைச் சுருளை இருட்டுப் பையும் சிறு தொட்டியும் கொண்டு வீட்டிலேயே கழுவிவிடலாம்.

கைமாறிய கேமராவை வாங்குபவர் ஒரு தொழிற்சங்கிலியின் ஒரு கண்ணியை மட்டுமே பெறுகிறார். கருவிகள் அலமாரிகளில் பிழைத்திருக்கின்றன; அருங்காட்சியகங்களும் அவற்றைச் சேகரிக்கின்றன. இருளில் பூச்சின் கனத்தைக் காத்தவர்களும், தொட்டியின் வெப்பத்தை விரல்நுனியால் கணித்தவர்களும் கொண்டிருந்த அறிவு அவ்வாறு சேகரிக்கப்படவில்லை. உதகை ஆலையின் முதல் தலைமுறைப் பணியாளர்களும் சிறுநகர இருட்டறைக்காரர்களும் முதுமையை எட்டிவிட்டனர். அவர்களுடைய வாய்மொழியையும் தொழிற்சொற்களையும் பதிவுசெய்யும் பணி வரலாற்றுத் துறைக்கும் மொழியியல் துறைக்கும் பொதுவானது. அதற்கு எஞ்சியுள்ள காலம் குறைவு.