மெங்கோவின் மருத்துவ மாணாக்கர்

நம் பிரசங்கங்களில் லாம்பரேனேயின் ஆல்பர்ட் சுவைட்சர் அடிக்கடி இடம்பெறுகிறார். உகாண்டாவின் ஆல்பர்ட் குக்கை அறிந்தவர் சிலரே. சி.எம்.எஸ். மருத்துவராகிய குக் 1897இல் மெங்கோவில் மருத்துவமனையைத் தொடங்கினார். 1901இல் அவரும் அவர் சகோதரர் ஜாக் குக்கும் அந்நாட்டில் உறக்க நோயை முதன்முதலாக இனங்கண்டனர். விக்டோரியா ஏரிக்கரையில் 1920க்குள் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அதற்கு இரையாயினர். ஓரிரு ஐரோப்பிய மருத்துவர் எத்தனை பேரைத்தான் கவனிக்கக்கூடும்? முதல் உலகப் போர்க்காலத்தில் ஆப்பிரிக்க இளைஞரை மருத்துவ உதவியாளராகப் பயிற்றுவிக்கக் குக் ஒரு பள்ளியை நிறுவினார். மேகநோய் பரவிப் பச்சிளங் குழந்தைகள் மடிவதைக் கண்ட அவர் மனைவி கேத்தரின், ஆப்பிரிக்கப் பெண்களை மருத்துவச்சிகளாகப் பயிற்றுவித்தார். அவர்களுக்கான பாடநூலை இருவரும் லுகாண்டா மொழியிலேயே எழுதினர். வேதாகம மொழிபெயர்ப்பைப் போற்றும் நாம் இந்நூலை ஏனோ கணக்கில் சேர்ப்பதில்லை.

எனினும், கற்றவர் 'உதவியாளர்' என்ற படியிலேயே நிறுத்தப்பட்டனர். மிஷனெரி தம் பொறுப்பைச் சுதேசத் திருச்சபையிடம் ஒப்புவித்து விலகவேண்டும் என்பது சி.எம்.எஸ். செயலாளராயிருந்த ஹென்றி வென்னின் கொள்கை. மருத்துவமனைக்குள் அக்கொள்கை மெதுவாகவே நுழைந்தது. 1924இல் மகெரேரேயில் மருத்துவப் பள்ளி தோன்றிய பின்பும், அங்குப் பயின்றோர்க்குப் பிரித்தானிய மருத்துவருக்கு நிகரான தகுதி நெடுங்காலம் அளிக்கப்படவில்லை.