காத்தான்குடி தரும் படிப்பினை

திருத்தங்கலில் வெடிமருந்து பல குடும்பங்களின் பிழைப்பு. நிராயுதபாணிகளைக் கொன்று, எஞ்சியோரை அச்சத்தால் பணியவைக்க அதையே பயன்படுத்தினால் அது பயங்கரவாதம். அதனை இனங்காட்டுவது செய்பவனின் நோக்கமே. அவனது மதமோ மொழியோ அன்று.

இலங்கையின் காத்தான்குடி இதற்குச் சான்று. 1990 ஆகஸ்ட் 3 அன்று மீரா ஜும்ஆப் பள்ளியிலும் ஹுஸைனிய்யாப் பள்ளியிலும் இஷாத் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டோரை விடுதலைப் புலிகள் கொன்றனர். 2019 ஏப்ரல் 21 அன்று தேவாலயங்களிலும் விடுதிகளிலும் 250க்கும் மேற்பட்டோரைக் கொன்ற தற்கொலைக் கும்பலின் தலைவன் ஸஹ்ரானும் அதே ஊரினனே.

முந்தையதற்கு அழுதுவிட்டுப் பிந்தையதற்கு மௌனம் காப்பது நீதியாகாது. அநியாயமாக ஓர் உயிரைப் பறிப்பது மனிதகுலத்தையே கொல்வதற்கு ஒப்பு என்கிறது திருமறை (5:32). இந்த அளவுகோலையே நம் பிள்ளைகளுக்குக் கற்பிப்போம், இன்ஷா அல்லாஹ்.