ஃபிரேம் வீதம் உயர்ந்தால் கணினி விளையாட்டுகளில் பொருள்கள் பறப்பது ஏன்?

விலை உயர்ந்த கிராஃபிக்ஸ் கார்டும் 144 ஹெர்ட்ஸ் மானிட்டரும் வாங்கியவர்கள், தங்களுக்குப் பிடித்த பழைய விளையாட்டைத் திறந்ததும் விசித்திரமான காட்சிகளைக் காண நேரிடுகிறது. மேசையில் இருந்த தட்டுகள் யாரும் தொடாமலேயே எழும்பிச் சிதறுகின்றன. சாலையில் செல்லும் வண்டி குட்டிக்கரணம் அடிக்கிறது. புதிய கருவி பழுதாகிவிட்டதோ என்ற ஐயம் எழுவது இயல்பே. ஆனால், இத்தகைய நிகழ்வுகளில் பெரும்பாலும் பழுது கணினியில் இருப்பதில்லை. அந்த விளையாட்டு காலத்தை எண்ணும் முறையில் இருக்கிறது.

திரையில் அசைவதாகத் தோன்றும் காட்சி, அடுத்தடுத்து வரையப்படும் அசையாப் படங்களின் தொடரே ஆகும். ஒவ்வொரு படமும் ஒரு ஃபிரேம். ஒரு விநாடியில் எத்தனை ஃபிரேம்கள் வரையப்படுகின்றன என்பதே ஃபிரேம் வீதம். படம் வரைவது ஒரு வேலை. பந்து எவ்வளவு வேகமாக விழுகிறது, கார் சுவரில் மோதினால் எப்பக்கம் திரும்புகிறது என்று கணக்கிடும் இயற்பியல் பகுதியின் வேலை வேறு. பல விளையாட்டுகளில் இவ்விரண்டும் ஒரே சுழற்சியில் பிணைக்கப்பட்டிருக்கின்றன. ஒருமுறை கணக்கிட்டால் ஒருமுறை வரைய வேண்டும். பின்னர் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கார் ஒரு மீட்டர் நகர வேண்டும் என்று நிரலில் எழுதப்பட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். விநாடிக்கு 30 ஃபிரேம்கள் வரைந்தால் கார் 30 மீட்டர் செல்லும். 60 வரைந்தால் 60 மீட்டர், 144 வரைந்தால் 144 மீட்டர். கணினியின் திறன் உயர உயர காரின் வேகமும் உயர்ந்துகொண்டே போகும். இது வெறும் கற்பனை அன்று. 2013-இல் வெளியான ‘நீட் ஃபார் ஸ்பீட்: ரைவல்ஸ்’ விளையாட்டு 30 ஃபிரேம்களுக்குக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. அந்தக் கட்டுப்பாட்டை நீக்கி 60-க்கு உயர்த்தியவர்களுக்கு, ஒட்டுமொத்த ஆட்டமும் இரு மடங்கு வேகத்தில் ஓடியது.

இச்சிக்கலின் வேர் மிகப் பழையது. 1978-இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனம் வெளியிட்ட ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ விளையாட்டில், எதிரிகள் குறையக் குறைய மீதமுள்ளவை விரைவாக நகரும். வரைய வேண்டிய உருவங்கள் குறைந்ததும் அதன் செயலி வேகமாக வேலையை முடித்ததே காரணம். வடிவமைப்பாளர் தொமொஹிரோ நிஷிகாடோ அதை நீக்காமல், ஆட்டத்தின் சுவையாகவே விட்டுவைத்தார். பின்னர் 4.77 மெகாஹெர்ட்ஸ் வேகம் கொண்ட ஐ.பி.எம். கணினிக்காக எழுதப்பட்ட விளையாட்டுகள், அதைவிட விரைவான கணினிகளில் விளையாட முடியாத வேகத்தில் ஓடின. அக்காலக் கணினிப் பெட்டிகளில் இருந்த ‘டர்போ’ பொத்தான், பெயருக்கு மாறாக, இத்தகைய மென்பொருள்களுக்காகக் கணினியின் வேகத்தைக் குறைக்கவே பயன்பட்டது.

பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் போன்ற கருவிகளில் ஒவ்வொரு தலைமுறையின் வன்பொருளும் பெரும்பாலும் ஒன்றே. எனவே, 30 அல்லது 60 என்று ஒரு வீதத்தை முடிவு செய்து, அதையே கடிகாரமாகக் கொள்வது தயாரிப்பாளர்களுக்கு எளிதாக இருந்தது. கணினிகளில் அந்த உறுதி இல்லை. அங்கேதான் பிணைப்பு அறுபடுகிறது.

பெதஸ்டா நிறுவனத்தின் ‘தி எல்டர் ஸ்க்ரோல்ஸ் 5: ஸ்கைரிம்’ (2011) இதற்குப் பரவலாக அறியப்பட்ட சான்று. ‘ஹேவாக்’ என்னும் இயற்பியல் மென்பொருளைப் பயன்படுத்தும் இவ்விளையாட்டின் அமைப்புக் கோப்பில், ஒரு கணக்கீட்டுக்கான கால அளவு ஏறத்தாழ 0.0166 விநாடி, அதாவது விநாடியில் 60-இல் ஒரு பங்கு என்று குறிக்கப்பட்டிருக்கிறது. ஃபிரேம்கள் அதைவிட விரைவாக வந்தால் இயற்பியல் கணக்கும் ஆட்டத்தின் பிற கணக்குகளும் ஒத்துப்போவதில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் கூடைகளும் கிண்ணங்களும் பறப்பதும், ஆட்டத்தின் தொடக்கத்தில் கைதிகளை ஏற்றிச் செல்லும் வண்டி துள்ளிக் கவிழ்வதும் இதனால்தான்.

அதே நிறுவனத்தின் ‘ஃபால்அவுட் 76’ 2018-இல் சோதனை வடிவில் வெளியானபோது, தரையைப் பார்த்தபடி ஓடினால் கதாபாத்திரம் வேகமாக ஓடுவதை விளையாடியவர்கள் கண்டறிந்தனர். தரையை மட்டும் வரைவது எளிது. அதனால் ஃபிரேம் வீதம் உயர்ந்தது. அதனுடன் கால்களின் வேகமும் உயர்ந்தது. தனியாக விளையாடும் ஆட்டத்தில் இது வேடிக்கை. பலர் இணையவழியில் மோதும் ஆட்டத்தில், திறமையான கணினி வைத்திருப்பவருக்குக் கிடைக்கும் நியாயமற்ற சலுகை. நிறுவனம் பின்னர் திருத்தம் வெளியிட்டது.

எல்லாப் பிழைகளும் இவ்வாறு கண்ணுக்குத் தெரிவதில்லை. 2014-இல் வெளியான ‘டார்க் சோல்ஸ் 2’ கருவிகளில் 30 ஃபிரேம்களிலும் கணினியில் 60 ஃபிரேம்களிலும் ஓடியது. வாள் ஒரு பொருளைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஒவ்வொரு ஃபிரேமிலும் அதன் உறுதி குறைந்ததால், கணினியில் விளையாடியவர்களின் ஆயுதங்கள் ஏறக்குறைய இரு மடங்கு விரைவில் தேய்ந்தன. ஆட்டமே அவ்வளவு கடினமானது போலும் என்று எண்ணியவர்களும் இருந்திருக்கக்கூடும்.

முந்தைய ஃபிரேமுக்குப் பின் கழிந்த நேரத்தை அளந்து, வேகத்தை அதனால் பெருக்குவது வழக்கமான தீர்வு. காரின் சிக்கல் இதனால் தீரும். ஆனால், இதுவும் முழுத் தீர்வாகாது என்பதை 1999-இல் ஐடி சாஃப்ட்வேர் வெளியிட்ட ‘குவேக் 3 அரீனா’ காட்டியது. அதில் ஈர்ப்பு விசை, விநாடிக்கு 800 அலகு வேகத்தைக் குறைக்க வேண்டும். விநாடிக்கு 125 ஃபிரேம்கள் என்றால் ஒரு ஃபிரேமின் நேரம் 8 மில்லி விநாடி. ஒவ்வொரு முறையும் குறைய வேண்டிய வேகம் 6.4 அலகு. ஆனால், விளையாட்டு ஒவ்வொரு கணக்குக்குப் பின்னும் வேகத்தை முழு எண்ணாக மாற்றிவிடுவதால் உண்மையில் குறைவது 6 மட்டுமே. 125 முறை 6 என்றால் 750. ஈர்ப்பு விசை குறைந்துவிட்டது. வீரர் உயரமாகத் தாவுகிறார். 16 மில்லி விநாடிக்கு ஒரு ஃபிரேம் வரையும் எளிய கணினியிலோ குறைய வேண்டிய 12.8 அலகு 13 ஆகிறது. ஈர்ப்பு 812-ஐத் தாண்டுகிறது.

இதனால், ஒருவர் எளிதில் தாவி ஏறிய மேடையை மற்றொருவர் எவ்வளவு முயன்றும் எட்ட முடியாமல் போனது. போட்டியாளர்கள் தங்கள் கணினிகளைச் சரியாக 125 ஃபிரேம்களில் நிறுத்தியதன் காரணம் இதுவே. எல்லோருக்கும் ஒரே இடைவெளியில் நகர்வைக் கணக்கிடும் தெரிவு பின்னர் சேர்க்கப்பட்டது.

கணக்கையும் வரைதலையும் பிரித்துவிடுவதே உறுதியான வழி. விநாடிக்கு 50 அல்லது 60 முறை என மாறாத இடைவெளியில் இயற்பியல் கணக்கு நடக்கும். கணினி தன் திறனுக்கேற்ப எத்தனை ஃபிரேம்களையும் வரையும். ‘யூனிட்டி’ மென்பொருளில் இந்த இடைவெளி இயல்பாகவே 0.02 விநாடி. இரு கணக்குகளுக்கு இடைப்பட்ட ஃபிரேம்களில் பொருள் எங்கே இருக்கும் என்பதைத் தனியே கணித்து வரைய வேண்டும். நிரலாளர் கிளென் ஃபீட்லர் 2004-இல் எழுதிய கட்டுரை இம்முறையை விளக்கிப் பரவலாக்கியது. வழி தெரிந்தும் பிழை தொடர்வதற்குக் காரணம், பல ஆண்டுகளாக வளர்ந்த நிரல்தொகுப்பில் எண்ணற்ற இடங்களில் ‘ஒரு ஃபிரேம்’ என்பதே கால அலகாக இருப்பதுதான். அவற்றைத் தேடித் திருத்துவது எளிதன்று.

விளையாடுபவர் செய்யக்கூடியது, ஃபிரேம் வீதத்துக்கு உச்ச வரம்பு வைப்பது. விளையாட்டின் அமைப்புகளிலேயே அவ்வசதி இருந்தால் அதுவே சிறந்தது. இல்லையெனில், என்விடியா, ஏ.எம்.டி. நிறுவனங்களின் கிராஃபிக்ஸ் மென்பொருள்களில் வரம்பு வைக்கலாம். பழைய விளையாட்டு எனில் 60. அதன் கருவி வடிவம் 30-இல் ஓடியிருந்து, 60-இலும் பிழை தென்பட்டால் 30.

‘விசிங்க்’ வசதியை இயக்கினால் போதும் என்ற பழைய அறிவுரையை இன்று அப்படியே பின்பற்ற இயலாது. அது ஃபிரேம் வீதத்தை மானிட்டரின் வீதத்துடன் இணைக்கிறது. 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் அது பாதுகாப்பு; 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் 144 ஃபிரேம்கள் வரை அனுமதித்துவிடும். மானிட்டரின் வீதத்தையே 60-க்குக் குறைத்துவிட்டு ‘விசிங்க்’ வசதியை இயக்கினால் பலன் கிடைக்கும். அமைப்புக் கோப்புகளைத் திருத்த விரும்புவோர் முதலில் அவற்றின் நகலை எடுத்து வைப்பது நல்லது. இணையவழிப் போட்டி விளையாட்டுகளில் அத்தகைய திருத்தங்கள் விதிமீறலாகக் கருதப்பட்டு, கணக்கு முடக்கப்படவும் வாய்ப்புண்டு.