கர்ப்போட்டம்: கறுப்பா, கருவா?

மார்கழி பிறந்தால் கர்ப்போட்டத்துக்குப் பொருள் சொல்ல ஆள் கிளம்பிவிடுகிறார்கள். கருமேகம் ஓடுவதால் 'கருப்போட்டம்', அதுவே கர்ப்போட்டம் என்று திரிந்ததாம். இந்த ஆண்டும் படித்தேன். வானத்தை அண்ணாந்து பாராதவர் கூற்று இது.

டிசம்பர் கடைசி வாரத்திலிருந்து ஜனவரி இரண்டாம் வாரம் வரை, சூரியன் பூராடத்தில் இருக்கும் ஏறக்குறைய 14 நாளே கர்ப்போட்டம். அப்போது மெல்லிய மேகம் வானில் ஓடினால் வரும் பருவத்தில் மழை உண்டு என்பது உழவர் கணக்கு. கறுத்துத் திரண்டு கொட்டிவிட்டாலோ, 'கரு கலைஞ்சு போச்சு' என்பார்கள். கருமேகம் கேடாயிருக்க, நற்குறிக்கு அதன் பெயரையா வைப்பார்கள்?

கர்ப்பமும் ஓட்டமும் சேர்ந்தால் 'கர்ப்பவோட்டம்' என்றல்லவா வரும் என்பார்கள். வரும், பேச்சில் நடு வகரம் தேய்ந்தது. அவ்வளவே.

எல்லாம் வராகமிகிரர் தந்தது என்பார் இன்னொரு சாரார். அவருடைய 'பிருகத் சம்கிதை' ஆறாம் நூற்றாண்டு நூல்; மேகம் கருக்கொள்வதை விரித்துரைப்பது உண்மை. ஆனால் அங்கே பூராடத்துக்கு வருவது சந்திரன், இங்கே சூரியன். அங்கே கருக்கொண்ட மேகம் 195ஆம் நாள் பெய்யும். நம் கர்ப்போட்டத் தொடக்கத்திலிருந்து 195 நாள் எண்ணினால் ஆனிக் கடைசி வருகிறது. வராகமிகிரரின் அவந்தி நாட்டுக்கு அது மழைக்காலம். நம் ஏரிகள் நிரம்புவது ஐப்பசி, கார்த்திகையில். கணக்கே வேறு.

கர்ப்பம் வடசொல், மறுக்கவில்லை. கருத்து நமது. அதன் தமிழ்ப் பெயர் சூல். திருமுருகாற்றுப்படையும் அகநானூறும் குறுந்தொகையும் மழை முகிலைக் 'கமஞ்சூல்' என்கின்றன. கமம் நிறைவு என்பது தொல்காப்பிய உரியியல். அந்நூல்களில் 'மழை' என்பதே பல இடங்களில் மேகத்தைக் குறிக்கும். வயிற்றிலிருப்பதன் பெயரைத் தாய்க்கே இட்டனர். நெல்லுக்கும் சூல் உண்டு. கதிர் ஈனாத பயிரைத் திருத்தக்கதேவர் சூல்கொண்ட பச்சைப்பாம்பாகக் கண்டார். காவிரிப் பாசன உழவர் அதைத் தொண்டைக்கதிர் என்பர். பயிரும் முகிலும் சூல்கொள்வதை ஒரே கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள்.

கமஞ்சூல் என்ற நாவு, வடசொல் வந்து சேரும்வரை இந்த 14 நாளைப் பெயரில்லாமல் விட்டிருக்காது. 'சூலோட்டம்' என்றே நம் முன்னோர் சொல்லியிருப்பார்கள். இதில் எனக்கு ஐயமே இல்லை.