கல்லூரி இடைநிற்றல்: அமெரிக்கக் கருப்பின ஆண் மாணவர்கள்

அமெரிக்காவில் நான்காண்டுப் பட்டப்படிப்பை ஆறாண்டுகளுக்குள் முடித்தவர்களை வைத்தே தேர்ச்சி விகிதத்தைக் கணக்கிடுகிறார்கள். 2010இல் சேர்ந்த கருப்பின ஆண்களில் அப்படி முடித்தவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒருவர்; வெள்ளையரில் 64 விழுக்காடு. முதலாண்டு முடிந்து இரண்டாமாண்டு தொடங்கும் முன்புதான் அதிகம் பேர் நின்றுவிடுகிறார்கள்.

இதற்கு மாணவர்களையே குறை சொல்வது நெடுநாள் வழக்கம். அதை முதலில் அசைத்தவர்களில் ஒருவர் கணிதவியலர் யூரி டிரைஸ்மன். 1970களில் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் கருப்பின மாணவர்கள் நுண்கணிதத்தில் ஏராளமாகத் தோற்றார்கள். ஊக்கமில்லை, பள்ளி அடித்தளம் போதாது, வீட்டில் ஆதரவில்லை, வறுமை என்றார்கள் பேராசிரியர்கள். மாணவர்களோடு கூடவே இருந்து கவனித்த டிரைஸ்மனுக்கு இவற்றில் எதுவும் சரியாகப் பொருந்தவில்லை. கருப்பின மாணவர்கள் கடுமையாகவே படித்தார்கள், ஆனால் தனியாக. சீன அமெரிக்க மாணவர்களோ படித்து முடித்ததும் ஒன்றுகூடி, ஒருவர் விடையை மற்றவர் சரிபார்த்தார்கள். அவர் தொடங்கிய பயிற்சிக் குழுக்களில் கொடுக்கப்பட்டவை எளிய கணக்குகள் அல்ல, வகுப்பில் வருவதைவிடக் கடினமானவை. பின்தங்கியோருக்கான வகுப்பு என்ற முத்திரை விழாதபடி பார்த்துக்கொண்டதே இதன் சூட்சுமம். தோல்வி வெகுவாகக் குறைந்தது.

மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுண்டி வளாகத்தில் ஃப்ரீமன் ரபாவ்ஸ்கி 1988இல் மேயர்ஹாஃப் தம்பதியரின் நன்கொடையோடு உருவாக்கிய உதவித்தொகைத் திட்டமும் இதே தடத்தில் செல்வது. முதல் அணியில் இருந்த 19 பேரும் அறிவியல், பொறியியல் படிக்க வந்த கருப்பின இளைஞர்கள். கல்லூரி திறக்குமுன் கோடையிலேயே சேர்ந்து தங்கிப் படிப்பதும், பிறகு குழுவாகவே தொடர்வதும் அதன் அடிப்படை.

பணத்தடை வேறு வகையானது. அட்லாண்டாவின் ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் சில நூறு டாலர் கட்டணப் பாக்கிக்காக வகுப்புப் பதிவு ரத்தாகி வெளியேறியவர்கள் பலர். 2011 முதல் அந்தப் பாக்கியை மாணவர் விண்ணப்பிக்கும்வரை காத்திராமல் பல்கலைக்கழகமே ஈடுகட்டத் தொடங்கியது. 2012 முதல் மதிப்பெண் சரிவு, தவறான பாடத்தேர்வு போன்ற அறிகுறிகளைக் கணினி காட்டியதும் ஆலோசகர்கள் மாணவரை அழைத்துப் பேசுகிறார்கள். இனத்தைப் பார்த்து வகுத்த திட்டமல்ல இது. இருந்தும் அங்கே கருப்பின மாணவர்களின் தேர்ச்சி விகிதம் வெள்ளையரை எட்டிவிட்டது.

‘இந்த இடம் நமக்கானதல்ல’ என்ற ஐயமும் படிப்பைக் கெடுக்கும். அது புதிதாக வரும் எல்லோருக்கும் உண்டு, நாளடைவில் தீரும் என்பதை மூத்த மாணவர்களின் அனுபவங்கள் வழியே ஒரு மணி நேரத்தில் உணர்த்தியதால் கருப்பின மாணவர்களின் மதிப்பெண்கள் மூன்றாண்டுகளில் உயர்ந்ததாக உளவியலாளர்கள் கிரெகரி வால்டனும் ஜெஃப்ரி கோஹனும் 2011இல் எழுதினார்கள். ஆனால் கட்டணப் பாக்கியை அது தீர்க்காது.

இனத்தை மட்டும் அளவுகோலாக்கும் உதவிகளுக்குச் சட்டம் இடம் தருவதில்லை. மேயர்ஹாஃப் திட்டம் 1996இல் எல்லா இனத்தவரையும் ஏற்கத் தொடங்கியது. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் கருப்பின ஆண்களுக்கான முன்முயற்சியிலும் தகுதியுள்ள எந்த மாணவரும் சேரலாம்.