கோவிவனுக்கு ஒரு கல், குற்றாலத்து நாய்க்கு ஒரு வரி

தெருவிலிருந்து மீட்கப்பட்ட ஒரு நாய், தத்தெடுக்க ஆள் வரும்வரை வைத்துக்கொள்ள முன்வந்த ஒருவர் வீட்டில் இறந்துபோனால், அந்தச் சாவு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. தெருநாய்க் கணக்கிலிருந்து அது ஏற்கெனவே போய்விட்டது. வளர்ப்பு நாயாக யார் பெயரிலும் இன்னும் சேரவில்லை. அதை வைத்திருந்தவர் சில நாள் அழுவார், பிறகு அடுத்த குட்டி வரும். இப்படி இறந்த நாய்களைப் பெயர் சொல்லி நினைவில் வைப்பது மேல்நாட்டிலிருந்து வந்த செல்லப்பிராணி மோகம் என்று கருதுவோர் உண்டு. தமிழ்நாடு, கருநாடகத்து நடுகற்களையும் தென்காசி, குற்றாலம் மலையடிவாரத்தில் வழங்கும் கதைகளையும் சேர்த்துப் பார்த்தால் அந்தக் கருத்து நிற்காது. நாயை அதன் பெயரோடும் நடந்ததோடும் பதிந்துவைப்பது இங்கே பழைய வழக்கம். பெயரை விட்டுத் தலையை மட்டும் எண்ணும் பழக்கம்தான் பின்னால் வந்தது.

திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த நடுகல் ஒன்று உள்ளது. காலம் ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. கருந்தேவக்கத்தி என்ற வீரன் இறந்ததற்காக நட்ட கல் அது. வீரனின் உருவத்துக்குப் பக்கத்தில் நாயின் உருவமும் இருக்கிறது. கோவிவன் என்ற அந்த நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது என்று தனி வாசகமே பொறித்திருக்கிறார்கள். கருநாடகத்து மண்டியா மாவட்டத்தில் ஆதகூரில் கிடைத்த கல் இன்னும் விரிவாகப் பேசுகிறது. 949இல் தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் மாண்ட பிறகு, கங்க மன்னன் பூதுகன் தன் வீரன் மணலேரனிடம் வேண்டியதைக் கேள் என்றான். மணலேரன் கேட்டது காளி என்ற வேட்டை நாயை. பின்னர் ஒரு பெரிய காட்டுப் பன்றியோடு பொருது காளியும் பன்றியும் சேர்ந்தே இறந்தன. மணலேரன் கோயில் முன்னால் கல் நட்டு, நிலம் விட்டு, அந்தக் கல்லுக்கு வழிபாடு செய்யாமல் உண்ணும் பூசகனுக்குப் பாவம் சேரும் என்றும் எழுதிவைத்தான். பெங்களூர் அரசு அருங்காட்சியகத்தில் அந்தக் கல்லை இன்றும் பார்க்கலாம்.

தெற்கே வந்தால் கல்லுக்குப் பதில் பாட்டு இருக்கிறது. குற்றாலத்துக்குத் தெற்கே, அதே மலைத்தொடரில், பாபநாசத்துக்கு மேலே காரையாற்றில் சொரிமுத்து அய்யனார் கோயில் உள்ளது. அங்கே பட்டவராயனாகக் கும்பிடப்படும் முத்துப்பட்டனின் கதையை வில்லுப்பாட்டாகப் பாடுவார்கள். பொம்மக்கா, திம்மக்கா என்ற இரு சக்கிலியப் பெண்களை மணந்த பிராமண இளைஞன், மாமனாரின் மாடுகளை மீட்கப் போய்க் கொல்லப்படுகிறான். அந்தச் சாவை வீட்டுக்குத் தெரிவிக்க வேறு ஆளில்லை. அவனுடைய நாய்தான் ஓடிவந்து தெரிவிக்கிறது. ஆடி அமாவாசைக்கு அங்கே கூடுவோர் பட்டனுக்குச் செருப்பைக் காணிக்கையாகக் கட்டுகிறார்கள். கதை பாடப்படும்போதெல்லாம் நாயும் அதில் வருகிறது. அதை நீக்கிவிட்டால் செய்தி சொல்ல ஆளில்லாமல் கதையே அந்த இடத்தில் நின்றுவிடும்.

இங்கே முதல் மறுப்பு எழும். கோவிவன் கள்ளனைப் பிடித்தது, காளி பன்றியை வீழ்த்தியது, பட்டனின் நாய் செய்தி கொண்டுவந்தது. மூன்றும் உழைத்துப் பெயர் வாங்கின. தற்காலிக வீட்டில் வயிற்றுப்போக்கால் இறந்த இரண்டு மாதக் குட்டி என்ன செய்தது என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் ஆதகூர்க் கல்லை முழுவதும் படித்தால், அது நாயின் வீரத்தோடு நிற்கவில்லை என்பது தெரியும். இந்த நாயைக் கேட்டு வாங்கியவன் யார், அது எப்படி இறந்தது, இனி யார் என்ன செய்ய வேண்டும் என்பதையும் அது சொல்கிறது. கேட்டு வாங்கியவன் பொறுப்பேற்றவன். பொறுப்பேற்றவனே கல்லையும் நடுகிறான். கல் நிற்பது பின்னால் வருவோரை ஒரு கடமையில் நிறுத்துவதற்காக. தென்காசிக்கு இது புதிதல்ல. 15ஆம் நூற்றாண்டில் காசி விசுவநாதர் கோயிலை எழுப்பிய பராக்கிரம பாண்டியன், பிற்காலத்தில் இந்தக் கோயிலைக் காப்பவர்களின் காலில் விழுவதாகக் கல்வெட்டில் எழுதிவைத்தான். நெடுங்காலம் சிதைந்து கிடந்த ராஜகோபுரம் 1990இல் மீண்டும் எழுந்து நின்றது. பெருமையைச் சொல்வதோடு அடுத்தவரிடம் ஒரு பொறுப்பைக் கொடுப்பதும் நினைவுச் சின்னத்தின் வேலை என்றால், ஒரு குட்டியைத் தன் வீட்டில் வைத்துக்கொள்ளச் சம்மதித்தவருக்கும் அந்த மரபில் இடம் உண்டு. குட்டி வீரம் காட்டியதா என்ற கேள்விக்கு அங்கே வேலையில்லை.

பெயர் எப்போது போனது? நகராட்சி நிர்வாகம் வந்தபோது. சென்னையில் தெருநாய்களைப் பிடித்துக் கொல்லும் பணி 1860 வாக்கில் தொடங்கியதாகவும், நாளுக்கு ஒன்றுக்கும் குறைவாக இருந்த எண்ணிக்கை 1996க்குள் நாளுக்கு 135 வரை ஏறியதாகவும் புளூ கிராஸ் அமைப்பினர் எழுதியிருக்கிறார்கள். கேப்டன் வி. சுந்தரம் 1959இல் தொடங்கிய அந்த அமைப்பு, கொல்வதால் தொகை குறையவில்லை என்பதை இந்த எண்களைக் கொண்டே வாதாடியது. 1960இல் விலங்கு வதைத் தடுப்புச் சட்டமும், 1962இல் ருக்மிணி தேவி அருண்டேல் தலைமையில் விலங்கு நல வாரியமும் வந்தன. நாய்களைக் கருத்தடை செய்து திரும்ப விடும் முறையைச் சென்னை 1996இல் ஏற்றது. 2001இல் அது நாடு முழுமைக்கும் விதியானது. 2023இல் புதிய விதிகள் வந்தன. தில்லித் தெருநாய்கள் பற்றி உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் முதலில் ஒன்றும், பின்னர் அதைத் திருத்தி மற்றொன்றும் உத்தரவிட்ட பிறகு, காப்பகம், தத்து என்ற சொற்கள் வீட்டுத் திண்ணைவரை வந்துவிட்டன. ஆனால் கொன்ற காலத்தில் எண்ணிக்கைதான் இருந்தது; கருத்தடைக் காலத்திலும் எண்ணிக்கைதான் இருக்கிறது. எந்த நாய், எங்கே, எதனால் இறந்தது என்பது எழுதப்படவில்லை.

எழுதாததால் வரும் இழப்பு உணர்ச்சியோடு முடிவதில்லை. மீட்கப்படும் குட்டிகளைக் கொல்லும் நோய்களில் பார்வோவும் டிஸ்டம்பரும் முன்னால் நிற்கின்றன. 1978 வாக்கில் உலகெங்கும் பரவிய பார்வோ கிருமி, வெயில் படாத ஈர மண்ணில் மாதக்கணக்கில், சில வேளை ஓராண்டுக்கு மேலும் உயிர்ப்போடு கிடக்கும். ஆனி, ஆடியில் சாரல் விழுந்துகொண்டே இருக்கும் குற்றாலம், செங்கோட்டைப் பக்கத்து முற்றம் அதற்கு ஏற்ற இடம். ஒரு குட்டி இறந்த வீட்டில், தடுப்பூசி போடாத அடுத்த குட்டியை நல்ல மனதோடு கொண்டுவந்து விடுபவர், தெரியாமலேயே அதையும் சாகக் கொடுக்கிறார். முதல் குட்டியின் பெயரும் நோயும் தேதியும் வீடும் ஒரு வரியில் இருந்திருந்தால் இரண்டாவது பிழைத்திருக்கக்கூடும். பட்டனின் நாய் ஓடிவந்து சொன்னதைப் போல, இறந்த குட்டியும் தெருவில் என்ன நோய் நடக்கிறது என்ற செய்தியைக் கொண்டுவந்திருக்கிறது. அதைக் கேட்டு எழுதிக்கொள்ள ஆள்தான் இல்லை.

நாய்க்கடியால் மனிதர் சாகும் நாட்டில் நாய்க்கு நினைவேடா என்பது அடுத்த மறுப்பு. இதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. உலக ரேபிஸ் சாவுகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியாவில் நேர்வதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. இறப்பவர்களில் குழந்தைகள் அதிகம். அந்தத் துயரத்துக்கு முன்னால் நாயின் சாவை வைத்து எடைபோட யாருக்கும் மனம் வராது. ஆனால் மனிதரைக் காக்கும் ஏற்பாடும் இதே ஏட்டைத்தான் கேட்கிறது. கடித்த நாயைப் பத்து நாள் கண்காணிக்க வேண்டும் என்பது மருத்துவ விதி. தற்காலிக வீட்டில் இருந்த நாய் அந்தப் பத்து நாளுக்குள் இறந்தால், அதன் பல்லோ எச்சிலோ பட்ட ஒவ்வொருவருக்கும் உடனே தெரிய வேண்டும். அறிகுறி தோன்றிவிட்டால் ரேபிசிலிருந்து பிழைப்பது அரிது; தடுப்பூசிக்கு நேரம் அதற்கு முன்னால்தான். நாயின் சாவை மறைக்கும் ஊரில் முதலில் ஆபத்துக்கு உள்ளாகிறவர் அதைத் தூக்கி வளர்த்தவரும் அவர் வீட்டுப் பிள்ளைகளும்தான்.

சாவுகளைப் பதிந்தால் பழி வரும், பிறகு யாரும் வீட்டில் வைத்துக்கொள்ள முன்வர மாட்டார்கள் என்ற அச்சமும் உண்மையானது. அதற்குத் தீர்வு, வைத்திருந்தவரின் பெயரைப் பொதுவில் விடாமல், நாயின் பெயர், எடுத்த இடம், வந்த நாள், போட்ட ஊசி, இறந்த நாள், காரணம் ஆகியவற்றைக் கால்நடை மருத்துவமனை ஏட்டில் எழுதுவது. நோயுற்ற உயிரை ஏற்றுக்கொள்பவர் கையில் சில உயிர் போகத்தான் செய்யும். அது குற்றமல்ல என்பதையும் அத்தகைய ஏடே காட்டும். தென்காசி 2019இல் தனி மாவட்டமானது. தன் பழக்கங்களை இப்போதுதான் வகுத்துக்கொண்டு வருகிறது. கல்வெட்டில் வருங்காலத்தாரிடம் வேண்டுகோள் வைத்த ஊர், நாயின் சாவை எழுதிவைக்கும் வழக்கத்தை வெளியே தேட வேண்டியதில்லை. கோவிவனுக்குக் கல் வெட்டத் தெரிந்த மொழிக்கு, பெயர் தெரிந்த ஒரு நாய்க்கு ஒரு வரி எழுதுவது பாரமல்ல. அந்த வரி அடுத்த உயிரைக் காக்கும் என்று தெரிந்த பிறகு எழுதாமல் விடுவதுதான் தவறு.