வாடகையற்ற குடியிருப்பும் வாடகைச் சட்டமும்

இலங்கைச் சட்டத் தொகுதியில் 1948ஆம் ஆண்டுக்குரிய பக்கங்களைப் புரட்டுவோர்க்கு இரு சட்டங்கள் சிறிது இடைவெளியிலே எதிர்ப்படும். ஒன்று 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம்; மற்றது 29ஆம் இலக்க வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். முன்னையது மலையகத் தொழிலாளரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது என்பது பலராலும் எழுதப்பட்டுள்ளது. பின்னையது நகரத்து வாடகைக் குடியிருப்பாளரை வீட்டுச் சொந்தக்காரரின் எதேச்சையினின்று காத்த சட்டமாக நினைவுகூரப்படுகின்றது. இவ்விரண்டினையும் ஒருசேர வைத்து நோக்கும் வழக்கம் நம்மிடையே இல்லை. அவ்வாறு நோக்கின், குடியிருக்கும் உரிமை எத்தகைய மனிதனுக்கு வழங்கப்பட்டது என்பது தெளிவாகும்.

வாடகைக் கட்டுப்பாடு ஆளும் வர்க்கத்தின் கருணையினாற் பிறந்ததன்று. 1915இல் கிளாஸ்கோ நகரத் தொழிலாளர் குடும்பங்கள், பெண்கள் முன்னிற்க, உயர்த்தப்பட்ட வாடகையைக் கொடுக்க மறுத்தன. ஆயுத உற்பத்தி தடைப்படுமென அஞ்சிய பிரித்தானிய அரசு அவ்வாண்டிலேயே வாடகையைக் கட்டுப்படுத்திச் சட்டம் இயற்றிற்று. இலங்கையிலும் 1942ஆம் ஆண்டின் 60ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் போர்க்கால நெருக்கடியின் விளைவே. அதன் வழிவந்தது 1948இன் சட்டம். இத்தொடரின் உச்சம் 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் எனலாம். விதிக்கப்பட்டதற்கு மேல் வாடகை கேட்டல், மூன்று மாத வாடகைக்கு மேல் முற்பணம் வாங்கல், நீரையும் மின்சாரத்தையும் நிறுத்திக் குடியிருப்போரை வெருட்டுதல் ஆகியன தடைசெய்யப்பட்டன. குடியிருந்தவர் இறப்பின் அவர் குடும்பத்தவர் தொடர்ந்திருக்க வழி செய்யப்பட்டது. மறு ஆண்டில், கம்யூனிஸ்ட் கட்சியைச் சேர்ந்த பீற்றர் கெனமன் வீடமைப்பு அமைச்சராயிருந்த வேளை, வீட்டு ஆதன உச்சவரம்புச் சட்டம் நிறைவேறிற்று. அளவுக்கு மிஞ்சிய வீடுகளை அவற்றிற் குடியிருந்தோரே வாங்கும் வாய்ப்பு இதனால் ஏற்பட்டது. கொழும்பின் எழுதுவினைஞர் குடும்பங்கள் பல, தமிழ்க் குடும்பங்கள் உட்பட, இச்சட்டங்களாற் பயன் பெற்றன. 1980இன் திருத்தச் சட்டம் இவற்றைத் தளர்த்திய கதை வேறு.

ஆயின் இச்சட்டங்கள் அனைத்திற்கும் அடிப்படையாயமைந்தவன் வாடகை கொடுப்பவன். பெருந்தோட்டத் தொழிலாளி வாடகை கொடுத்தவனல்லன். லயத்து அறை அவனுக்கு இலவசம். தோட்ட முதலாளிமார் தமது தாராளத்துக்குச் சான்றாக இதனை அடிக்கடி எடுத்துக் காட்டுவர். உண்மையில் இவ்விலவசமே அவனைப் பிணித்த சங்கிலி. வாடகை இல்லாதவிடத்து வாடகை ஒப்பந்தமும் இல்லை. அது இல்லாதவிடத்து வாடகைச் சபைக்குச் செல்லும் பாதையும் இல்லை. வேலை போன அன்றே கூரையும் போயிற்று. தொழிற்சங்க அமைப்பாளன் தோட்டத்தினுட் காலடி வைப்பதே அத்துமீறலாகக் கருதப்பட்ட காலத்தில், லயத்து வாசலில் யார் வந்து நிற்கலாம் என்பதையும் துரையே தீர்மானித்தார். ஆங்கிலத் தொழிலாளரின் நிலை பற்றி 1845இல் எழுதிய ஏங்கல்ஸ், முதலாளியே வீட்டுச் சொந்தக்காரனாகவும் இருக்குமிடத்து வேலைநிறுத்தம் செய்தவன் தெருவில் நிற்க நேர்வதை எடுத்துக்காட்டியுள்ளார். 1844இல் வட இங்கிலாந்துச் சுரங்கத் தொழிலாளர் அவ்வாறே வீடுகளினின்று வெளியேற்றப்பட்டனர். நமது லயமோ அதனினும் ஒருபடி கீழானது; சுரங்கத் தொழிலாளி தன் மொழி பேசும் அயற்கிராமத்துக்காவது போகலாம்.

கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மயர் தோட்டத்தில் நிகழ்ந்தது இதற்குத் தக்க சான்று. கிராம விரிவாக்கத்துக்கென அரசு அத்தோட்டத்தைச் சுவீகரித்துத் தொழிலாளரை வெளியேறப் பணித்தது. அவர்கள் மறுத்தனர். 1946இல் அவர்களுக்கு ஆதரவாகப் பிற தோட்டங்களிலும் வேலைநிறுத்தம் பரவிற்று. வெளியேறாதவர் மீது சுமத்தப்பட்ட குற்றம் குற்றவியல் அத்துமீறல். தான் வாழ்ந்த அறையிலே தொடர்ந்து இருந்தமை குற்றமாயிற்று! ஒரு தொழிலாளியின் வழக்கு இலண்டன் கோமறைக் கழகம் வரை சென்றது. 1950இல் அக்கழகம் அவரைக் குற்றவாளி அல்லர் எனத் தீர்த்தது. தன் இல்லத்தை இழக்காதிருத்தலே அவரது முதன்மை நோக்கம், தோட்ட அத்தியட்சகரைத் தொந்தரவு செய்வதன்று என்பதே தீர்ப்பின் சாரம். தொழிலாளருக்கு இது வெற்றிதான். அதனைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. எனினும் அங்கு ஆராயப்பட்டது அவரது உரிமை அன்று, அவரது உள்நோக்கம். அவர் சிறைக்குப் போக வேண்டியவரல்லர் என்றாயிற்றே தவிர, அந்த அறை அவருடையது என்று ஆகவில்லை.

பிரசாவுரிமைச் சட்டமும் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமும் வந்த அந்த முதற் பாராளுமன்றத்திலே தலவாக்கலைத் தொகுதியின் உறுப்பினராயிருந்தவர் சி. வி. வேலுப்பிள்ளை. தமது நாவலுக்கு அவர் சூட்டிய பெயர் ‘வீடற்றவன்’. நாடற்றவன் என்ற சொல்லே அரசியல் மேடைகளில் ஓங்கி ஒலித்த மக்கட் கூட்டத்தைப் பற்றி எழுதியவர் வீட்டைத் தலைப்பிலே நிறுத்தியமை கவனிக்கற்பாலது. நமது விமரிசகர்கள் அத்தலைப்பைக் குறியீடாகவே வாசித்து வந்துள்ளோம். அதனை நேர்பொருளிலே வாசித்திருக்க வேண்டும்.

1971இன் 2ஆம் இலக்கச் சட்டம், தோட்டக் குடியிருப்பில் உள்ளோரை நீதிமன்றக் கட்டளையின்றி வெளியேற்றலாகாது என்றது. ஆனால் அடுத்து வந்த காணிச் சீர்திருத்தத்தின்போது பல தோட்டங்களிலிருந்து தொழிலாளர் விரட்டப்பட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்து சேர்ந்தனர். நகர வாடகையாளருக்கு வீட்டை உரித்தாக்கிய அதே அரசாங்கத்தின் காலத்திலே இது நிகழ்ந்தது. இடதுசாரிகளாகிய நாம் முன்னையதைச் சாதனைப் பட்டியலிற் சேர்த்தோம். பின்னையதை இனப்பிரச்சினை எனும் வேறொரு தலைப்பின் கீழ் ஒதுக்கினோம்.

குத்தகைக்குக் கொடுத்த ஆதனத்தின் உடைமையைச் சொந்தக்காரர் விரைந்து மீளப்பெற 2023இன் 1ஆம் இலக்கச் சட்டம் வகை செய்துள்ளது. நகர வாடகையாளர் பெற்றிருந்த காப்பும் இவ்வாறு சுருங்கி வருகின்றது. மலையகத்திலோ, லய அறையில் இருக்க வேண்டின் குடும்பத்தில் ஒருவரேனும் தோட்டத்திற் பேர் பதிந்திருக்க வேண்டும் என்ற வழக்கம் பல தோட்டங்களில் இன்னும் நிலவுகின்றது. மூத்த பிள்ளைகள் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போய்விட, அறை தாயின் பேரிலே தங்கியிருக்கும். அவள் ஓய்வுபெறும் வயதை நெருங்கும்போது, இளையவளைக் கொழுந்தெடுக்க அனுப்புவதா, அறையை விடுவதா என்று அக்குடும்பம் கணக்குப் பார்க்கத் தொடங்குகின்றது.